சப்ரஸர் போட்ட .22 ரைஃபிளில் மேகசின் சிக்காமல் இருக்க

குழல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸரைப் புதிதாக மாட்டிய அன்றைக்கு எல்லாம் நன்றாகவே போகும். இருநூறு தோட்டா தாண்டிய பிறகுதான் தொல்லை தலைகாட்டும். தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட் முன்னே ஓடும், ஆனால் தோட்டாவை எடுக்காது. இல்லையென்றால் தோட்டாவின் மூக்கு, குழலின் பின்முனையில் அது உட்கார வேண்டிய சேம்பரின் வாயில் முட்டிக்கொண்டு நிற்கும். தோட்டா நிரப்பிய மேகசினைக் கழற்றப் போனால், வழக்கமாகக் கையில் பொத்தென்று விழுவது அன்றைக்கு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். இழுத்து எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் கறுப்புப் பசை.

டெக்சஸில் நான் முதன்முதலாக ஒரு .22 ரைஃபிளில் சப்ரஸர் போட்டபோது இதேதான் நடந்தது. மேகசின் இறுகிப்போய்விட்டது என்று நினைத்து உள்ளே துப்பாக்கி எண்ணெயைத் தாராளமாக விட்டேன். அன்று மாலை வழுக்கிக்கொண்டு ஓடியது. அடுத்த வாரம் சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போனபோது ஐந்து தோட்டாவுக்கு ஒன்று சிக்கியது. ஒரு சனிக்கிழமை முழுவதும் வீணானது. இப்போது புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் யார் கேட்டாலும் முதல் வாக்கியமாக இதைத்தான் சொல்கிறேன்: மேகசினுக்குள் எண்ணெய் விடாதீர்கள். கீழே எழுதியிருப்பதில் பாதி, அது ஏன் என்பதன் விளக்கம்தான்.

இந்தக் கட்டுரை அமெரிக்காவில் சட்டப்படி ரைஃபிளும் சப்ரஸரும் வைத்திருப்பவர்களுக்கானது. உதாரணத்துக்கு ரூகர் 10/22 ரைஃபிளை எடுத்துக்கொள்கிறேன். 1964-இல் வந்தது, இன்றும் புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் கையில் அதிகம் காணப்படுவது. பத்துத் தோட்டா கொள்ளும் அதன் பிஎக்ஸ்-1 மேகசினை வைத்தே பெரும்பாலும் பேசப்போகிறேன். வேறு கம்பெனி ரைஃபிள் என்றாலும் காரணம் ஒன்றுதான், உறுப்புகளின் வடிவம்தான் மாறும்.

முதலில் சட்டம்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் சப்ரஸர், 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருகிறது. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பான ஏடிஎஃப்பிடம் விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, ஒப்புதல் எல்லாம் முடிந்த பிறகே அது உங்கள் கைக்கு வர வேண்டும். 1934 முதல் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்குப் பூஜ்யம் ஆகிவிட்டது. ஆனால் பதிவு போகவில்லை. வரி இல்லை என்பதைப் பதிவு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களில் தனிநபர் சப்ரஸர் வைத்திருக்கவே அனுமதி இல்லை. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் மாநிலங்கள் இவை என்பதால்தான் பெயரைச் சொல்கிறேன்.

இன்னொன்று, நம்மில் பலருக்கு நேரடியாகப் பொருந்துவது. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் ரேஞ்சுக்குக் கூப்பிட்டார் என்று கிளம்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடியேற்ற விவகாரத்தில் இது விளையாட்டான தப்பு அல்ல.

அழுக்கு எங்கிருந்து வருகிறது

குக்கரில் ஆவி முழுக்க அடங்கும் முன் வெயிட்டைத் தூக்கினால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது எந்தப் பக்கம் வழி கிடைக்கிறதோ அந்தப் பக்கம் சீறிக்கொண்டு வரும். 10/22 ரைஃபிளின் போல்ட்டும் அப்படித்தான். அது சேம்பரை எந்தக் கொக்கியாலும் பூட்டிக்கொள்வதில்லை. தன் எடையாலும் பின்னாலிருக்கும் ஸ்பிரிங்காலும் மட்டுமே தோட்டாவின் அடியைத் தாங்கிப் பிடிக்கிறது. சுட்டதும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது, வெற்றுக் கூட்டையும் போல்ட்டையும் பின்னே தள்ளுகிறது. சப்ரஸர் இல்லாதபோது குண்டு வெளியேறியவுடன் வாயுவும் குழல் முனையில் விரிந்து போய்விடும். போல்ட் திறப்பதற்குள் அழுத்தம் பெருமளவு அடங்கியிருக்கும்.

சப்ரஸரின் வேலையே அந்த வாயுவைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவது. அதனால் போல்ட் பின்னே திறக்கும் நேரத்தில் குழலுக்குள் இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கும். முன்பக்கம் அடைபட்டிருப்பதால் வாயு பின்பக்கம் வருகிறது. போல்ட் முகத்தில் அடிக்கிறது, கூடு வெளியேறும் துளை வழியாக உங்கள் கன்னத்தில் படுகிறது, கீழே திறந்திருக்கும் மேகசின் வாய்க்குள்ளும் இறங்குகிறது.

வெறும் வாயு என்றால் பரவாயில்லை. .22 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் மெழுகு பூசிய மென்மையான ஈயம். அதன் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கிறது. அதிலும் ஈயச் சேர்மம் உண்டு. ஆக உள்ளே இறங்குவது கரி, முழுக்க எரியாத வெடிமருந்துத் துகள், ஈயத் தூள், உருகிய மெழுகு. சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியின் இறக்கையில் ஒட்டியிருக்கும் பிசுக்கைச் சுரண்டியிருக்கிறீர்களா? தாளிப்பின் எண்ணெய் ஆவியும் தூசும் சேர்ந்தது அது. காய்ந்த தூசு மட்டும் என்றால் ஊதினால் போய்விடும். எண்ணெய் சேர்ந்தால்தான் அது பிசுக்கு. மேகசினுக்குள் நான் அன்று விட்ட எண்ணெய் செய்தது அதைத்தான்.

கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் போல்ட் ஆக்ஷன் ரைஃபிளில் இந்தப் பிரச்சினை மிகக் குறைவு. நீங்களே திறக்கும்வரை போல்ட் மூடியிருக்கிறது, அதற்குள் வாயு முன்வழியாகவே போய்விடுகிறது. ரூகரின் அமெரிக்கன் ரிம்ஃபயர் போல்ட் ஆக்ஷன் ரைஃபிளில் இதே பிஎக்ஸ்-1 மேகசின் பொருந்தும். ஒரே மேகசினை இரண்டு ரைஃபிளிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அமைதியாகவும் சுத்தமாகவும் சுட வேண்டும், வேகம் முக்கியமில்லை என்பவருக்கு நான் போல்ட் ஆக்ஷனைத்தான் சொல்வேன்.

மேகசினுக்குள் என்ன இருக்கிறது

பிஎக்ஸ்-1 ஒரு சுழல் மேகசின். நடுவில் ஒரு ரோட்டர், அதில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனிப் பள்ளம். ரோட்டரை முறுக்கு ஸ்பிரிங் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே, தோட்டா வெளியேறும் இடத்தில் எஃகாலான இரண்டு உதடுகள். தோட்டாவை எந்தக் கோணத்தில் எந்த உயரத்தில் போல்ட்டிடம் கொடுப்பது என்று தீர்மானிப்பவை அந்த உதடுகள்.

இந்த அமைப்பின் பெரிய நன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். .22 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். நேராக அடுக்கும் பெட்டி மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கோத்துக்கொண்டு நகராது. சுழல் மேகசினில் ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில் தனியாக உட்காருவதால் இந்தக் கோப்பு நேராது. பதிலுக்கு நாம் கொடுக்கும் விலை, ரோட்டர் தடையின்றிச் சுழல வேண்டும் என்பது. மேகசின் உடலுக்கும் ரோட்டருக்கும் நடுவே இருப்பது சிறிய இடைவெளி. பிசுக்கு அங்கே போய் உட்கார்ந்தால் ரோட்டர் சுழலும், ஆனால் தாமதமாகச் சுழலும். போல்ட் அதற்காகக் காத்திருக்காது. தோட்டா முழு உயரத்துக்கு வருவதற்குள் போல்ட் அதன் தலைக்கு மேல் ஓடிவிடும்.

25 தோட்டா கொள்ளும் பிஎக்ஸ்-25 வகையில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். அங்கே அடுக்கும்போதே விளிம்பைக் கவனிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சப்ரஸரோடு பத்துத் தோட்டா மேகசினிலேயே ஆறு மாதம் ஓட்டுங்கள் என்பேன்.

முதல் வேலை: எண் போடுங்கள்

இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு மேகசினின் அடிப்பக்கத்திலும் பெயின்ட் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதுங்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வரும்போதெல்லாம் தேதி, மேகசின் எண், தோட்டா வகை, அன்றைக்கு எத்தனையாவது தோட்டா, எப்படிச் சிக்கியது என்று ஒரு வரி.

எண் போடாதவர்களின் நிலைமையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரி நான்கு மேகசின், அதில் ஒன்று கெட்டது. எது என்று தெரியாமல் ரைஃபிளுக்குப் புது ஸ்பிரிங், வெற்றுக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், புது போல்ட் என்று காசைக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். நோட்டில் இரண்டு வாரம் எழுதினாலே விடை கிடைக்கும். சிக்கல் எப்போதும் 3-ஆம் எண்ணோடு வருகிறதென்றால் குற்றவாளி மேகசின். எல்லா எண்ணிலும் சமமாக வருகிறதென்றால் ரைஃபிளையும் தோட்டாவையும் பாருங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டிய பிறகே வருகிறதென்றால் அழுக்கு.

தோட்டாத் தேர்வு

சப்ரஸர் போட்ட பலனை முழுதாக அனுபவிக்க, குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டக்கூடாது. 20 டிகிரி செல்சியஸில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,125 அடி போகும். சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா 1,070 அடி என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். அதாவது கொஞ்சம் கீழே. செம்புப் பூச்சுள்ள அதே கம்பெனியின் மினி-மேக் 1,235 அடி. அது ஒலிவேகத்தைத் தாண்டுவதால் சவுக்கடி போல ஒரு ‘பளார்’ கேட்கும், சப்ரஸரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் செம்புப் பூச்சு இருப்பதால் கைக்கும் மேகசினுக்கும் பிசுபிசுப்புக் குறைவு.

என் ரைஃபிளில் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி சப்ரஸரோடு நன்றாகப் போல்ட்டை ஓட்டுகிறது. பின்னே வரும் கூடுதல் அழுத்தமே அதற்கு உதவுகிறது. உங்கள் ரைஃபிளில் ஓடுமா என்பதை ஐந்து பெட்டி சுட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். மிக மெதுவான தோட்டாக்களை, உதாரணமாக 710 அடி வேகமுள்ள சிசிஐ கொயட்-22 போன்றவற்றை, தானே இயங்கும் ரைஃபிளில் போட்டுவிட்டு மேகசினைத் திட்டாதீர்கள். போல்ட்டை முழுத்தூரம் பின்னே தள்ளும் வலு அதில் பொதுவாக இருக்காது. அது போல்ட் ஆக்ஷனுக்கு ஏற்றது.

ஓர் எச்சரிக்கை. 60 கிரெய்ன் எடையுள்ள மிக நீளமான குண்டுகளை, உள்பள்ளம் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கியிருக்கும் வழக்கமான .22 குழல் சரியாக நிலைப்படுத்தாது. குண்டு தள்ளாடிக்கொண்டு போனால் சப்ரஸரின் உள் தடுப்புகளில் இடிக்கும். சப்ரஸரோடு அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாவைச் சட்டைப்பையில் போடாதீர்கள். மெழுகில் நூலும் மணலும் ஒட்டி அப்படியே மேகசினுக்குள் போகும். தரையில் விழுந்த தோட்டாவைத் துடைத்து, குண்டு கூட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஒதுக்கிவிடுங்கள்.

ரேஞ்சில்

கண்ணாடி கட்டாயம். சப்ரஸரோடு சுடும்போது முகத்தை நோக்கி வாயுவும் துகளும் வருகிறது என்று மேலே சொன்னேன். இடது கைக்காரர்களுக்கு இன்னும் அதிகம், ஏனென்றால் கூடு வெளியேறும் துளை அவர்கள் முகத்தின் பக்கம் இருக்கும். காதுப் பாதுகாப்பையும் விடாதீர்கள். பக்கத்து மேடையில் சுடுபவர் சப்ரஸர் போட்டிருக்கமாட்டார்.

மேகசினில் தோட்டா நிரப்பிய பிறகு மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி விடுங்கள். சட்டென்று எழும்பி உதட்டில் முட்ட வேண்டும். சோம்பலாக எழுந்தாலோ பாதியில் நின்றாலோ அந்த மேகசினைத் தனியே வையுங்கள். அன்றைக்கு அதைச் சுட வேண்டாம். இந்த ஒரு சோதனை என்னை எத்தனையோ சிக்கலிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

மேகசினை உள்ளே தள்ளியதும் கிளிக் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், அப்புறம் கீழே இழுத்துப் பாருங்கள். சப்ரஸரோடு சுடும்போது மேகசின் உட்காரும் குழியின் சுவரிலும் கரி படிகிறது. அதனால் மேகசின் ஒரு மயிரிழை கீழேயே நின்றுவிடும். மேகசினில் எந்தக் குறையும் இல்லாமலேயே போல்ட் தோட்டாவின் மேல் ஓடும். இரண்டு மேகசினுக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் அந்தக் குழியைத் துடைத்தால் போதும். துடைப்பதற்கு முன் மேகசின் வெளியே, போல்ட் திறந்து, சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். 10/22 ரைஃபிளின் போல்ட் கடைசித் தோட்டாவுக்குப் பின் தானாகத் திறந்து நிற்பதில்லை. தீர்ந்துவிட்டது என்று மனக்கணக்கை நம்பக்கூடாது.

மேகசின் மாற்றும் ஒவ்வொரு முறையும், ரைஃபிளைக் காலி செய்து, குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, சப்ரஸர் இறுக்கமாக இருக்கிறதா என்று கையுறையோடு திருகிப் பாருங்கள். சுடச்சுட மரை தளரும். தளர்ந்தால் கோணம் மாறி, அடுத்த குண்டு தடுப்பில் இடிக்கலாம்.

சிக்கும்போது என்ன செய்வது

குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். விரல் டிரிகரை விட்டு வெளியே. மேகசினைக் கழற்றுங்கள், பிறகு போல்ட்டைத் திறங்கள். என்ன நடந்திருக்கிறது என்று அவசரமில்லாமல் பாருங்கள். சிக்கிய விதமே காரணத்தைச் சொல்லும்.

போல்ட் மூடியிருக்கிறது, சேம்பரில் ஒன்றும் இல்லை, மேகசினில் தோட்டா இருக்கிறது: போல்ட் மேலே ஓடிவிட்டது. ரோட்டர் மந்தம், அல்லது மேகசின் முழுதாக உட்காரவில்லை. போல்ட் போதிய தூரம் பின்னே போகவில்லை என்பதும் ஒரு காரணம், வலுவற்ற தோட்டாவோடு இது வரும்.

தோட்டாவின் மூக்கு கீழ்நோக்கிச் சேம்பர் வாயின் அடியில் முட்டி, ஈயம் சிராய்ந்திருக்கிறது: உதட்டில் பிசுக்கு, அல்லது உதடு தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சிராய்ந்த தோட்டாவை மறுபடி மேகசினில் போடாதீர்கள்.

வெற்றுக் கூடு துளையில் அடுப்புப் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது: இதற்கு மேகசினைக் குறை சொல்வது பெரும்பாலும் தவறு. எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் கரி, சேம்பரில் கரி, இல்லையென்றால் தோட்டாவில் வலு போதவில்லை.

தோட்டா முக்கால்வாசி உள்ளே போய் நிற்கிறது, போல்ட் முழுதாக மூடவில்லை: சேம்பரில் கரியும் மெழுகும் வளையமாகப் படிந்திருக்கிறது. கையால் போல்ட்டைக் குத்தித் தள்ளாதீர்கள். விளிம்பில்தான் தீப்பற்றும் மருந்து இருக்கிறது. அந்த விளிம்பை நசுக்கும் வேலை வேண்டாம். வெளியே எடுத்துவிட்டுச் சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள்.

டிரிகரை இழுத்து ‘டிக்’ என்று மட்டும் கேட்டால், குழலை இலக்கிலேயே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அரிது, ஆனால் உண்டு.

இந்தப் பகுதியில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, வலுவற்றுப்போன சுடுதலைப் பற்றி. சில சமயம் வெடிமருந்து குறைந்த தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். சப்ரஸர் இல்லாதபோது ‘புஸ்’ என்ற வித்தியாசம் காதில் விழும். சப்ரஸரும் மெதுவான தோட்டாவும் சேர்ந்தால் நல்ல சுடுதலே அடங்கிய சத்தம்தான், கெட்டது அதில் கலந்து மறைந்துவிடும். ஆகவே இலக்கில் ஓட்டை விழவில்லை, உதை மாறியது, போல்ட் ஓடவில்லை, இவற்றில் ஒன்று நடந்தாலும் நிறுத்துங்கள். காலி செய்து, சுத்தம் செய்யும் குச்சியைக் குழலுக்குள் விட்டு, குழல் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே அடுத்தது. மேகசின் சிக்கல் என்று நினைத்து போல்ட்டை இழுத்துவிட்டு அடுத்த தோட்டாவைச் சுட்டவர்களின் குழல் வீங்கிப்போவது இப்படித்தான்.

வீட்டில் சுத்தம் செய்வது

இடத்தை முதலில் சொல்கிறேன்: சமையலறை வேண்டாம். குழந்தைகள் தவழும் தரைவிரிப்பும் வேண்டாம். இதில் ஈயம் இருக்கிறது. கராஜிலோ பால்கனியிலோ பழைய செய்தித்தாளை விரித்து, நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். வேலை முடிந்ததும் தாளைச் சுருட்டிக் கட்டித் தூக்கிப்போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், ரேஞ்ச் உடையைத் தனியாகத் துவையுங்கள். கழுவும் முன் டீ, முறுக்கு எதையும் தொடாதீர்கள்.

தோட்டா எதுவும் அந்த மேஜையில், அந்த அறையில் இருக்கக்கூடாது. மேகசின் காலி என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒவ்வொரு ரேஞ்ச் நாளுக்குப் பிறகும் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். உலர்ந்த பழைய டூத்பிரஷால் உதடுகளையும் மேல் வாயையும் தேய்த்து, மேகசினைக் கவிழ்த்துத் தட்டுங்கள். மரக் குச்சியால் ரோட்டரை அழுத்தி அழுத்தி விட்டு, ஒவ்வொரு முறையும் உதிர்வதைத் தட்டி எடுங்கள். உதட்டின் அடிப்பக்கத்தில் கெட்டியாகப் படிந்த கரியைப் பல்குத்தும் மரக்குச்சியால் சுரண்டலாம். இரும்பு ஊசி வேண்டாம், உதட்டில் கோடு விழுந்தால் தோட்டாவின் ஈயம் அதில் மாட்டும். அதன் பிறகு கொஞ்சம் பஞ்சை உதட்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். நார் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஐநூறு தோட்டாவுக்கு ஒருமுறை ஒரு மேகசினைக் கழுவுகிறேன். நோட்டில் எண்ணிக்கை இருப்பதால் இது சுலபம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு, அதில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிரஷ் போட்டு, நன்றாக அலசி, வாய் கீழாகக் கவிழ்த்து ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். இதற்கென்று ஒரு பழைய டப்பாவை ஒதுக்குங்கள், அது வேறு எதற்கும் திரும்பக்கூடாது. எஃகு உதடும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்காமல் இருக்க, காய்வதுதான் முக்கியம். ஈரத்தோடு பெட்டியில் வைத்து மூடாதீர்கள்.

அசிட்டோன், பிரேக் கிளீனர் போன்றவற்றை மேகசின் பக்கம் கொண்டுவராதீர்கள். குறிப்பாக உள்ளே தோட்டா தெரியும்படியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மேகசின்கள் கடும் கரைப்பான் பட்டால் நுண்விரிசல் விடும். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும்.

பிஎக்ஸ்-1 மேகசினை முழுதாகக் கழற்றுவது அடிக்கடி செய்ய வேண்டியதில்லை. கழுவியும் ரோட்டர் மந்தமாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒரு முனையில் ஆலன் கீ நுழையும் ஸ்க்ரூ, மறுமுனையில் அறுகோண நட். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் உள்ளே முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் அவிழ்ந்துவிடும். மறுபடி பூட்டும்போது அதே அளவு முறுக்க வேண்டும், அதற்கான எண்ணிக்கை உங்கள் ரைஃபிளோடு வந்த கையேட்டில் இருக்கும், ரூகர் கம்பெனியின் வலைத்தளத்திலும் கையேடு கிடைக்கும். முறுக்கு குறைந்தால் கடைசி இரண்டு மூன்று தோட்டா எழும்பாது. அதிகமானால் முதல் தோட்டாக்கள் உதட்டில் இறுக்கமாக முட்டி, போல்ட் அவற்றை உருவ முடியாமல் திணறும். ஒரு நேரத்தில் ஒரு மேகசினை மட்டும் கழற்றுங்கள். பக்கத்தில் முழுதாக ஒன்று இருந்தால் எது எங்கே என்று அதைப் பார்த்துப் பூட்டலாம். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் வேண்டாம் என்றேன். அப்படியானால் ஒன்றுமே வேண்டாமா? பெரும்பாலும் வேண்டாம். ரோட்டர் இன்னும் இழுத்தால் உலர்ந்த டெஃப்லான் வகை ஸ்ப்ரேயை ஒரு துணியில் அடித்து, ரோட்டரின் இரண்டு முனைகளில் மட்டும் தடவி, முழுக்கக் காயவிட்டுப் பூட்டலாம். தொட்டுப் பார்த்தால் விரலில் ஈரம் தெரியக்கூடாது.

மேகசினை மட்டும் பளபளவென்று வைத்துவிட்டு ரைஃபிளை விட்டுவிட்டால் பயனில்லை. போல்ட் முகம், எக்ஸ்ட்ராக்டரின் அடி, மேகசின் குழி, சேம்பர் இவற்றையும் பாருங்கள். சேம்பருக்குக் கயிறு போன்ற இழுப்பு பிரஷ் நல்லது, சேம்பர் பக்கத்திலிருந்து முனைப் பக்கமாக இழுக்க வேண்டும். இழுப்பதற்கு முன் சப்ரஸரைக் கழற்றிவிடுங்கள். போல்ட்டுக்கு எண்ணெய் உண்டு, ஆனால் அதுவும் மெல்லிய பூச்சுதான். வழியும் எண்ணெய் புவியீர்ப்பில் எங்கே இறங்கும் என்று யோசியுங்கள், கீழே மேகசின்தான் இருக்கிறது.

சப்ரஸரையும் அதன் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். .22 சப்ரஸர்கள் பலவற்றை நாமே பிரிக்கும்படி செய்திருப்பதே இந்த ஈயப் படிவுக்காகத்தான். அங்கே ஒரு விஷயத்தில் மிகக் கவனம். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் கலந்து ஊறவைத்தால் ஈயம் கரைந்துவிடும் என்று யாராவது உற்சாகமாகச் சொல்வார்கள். கரையும். கரைந்து ஈய அசிட்டேட் ஆகும். அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகக்கூடிய நஞ்சு, அந்தத் தண்ணீரைக் கழிவுக் குழாயிலும் ஊற்ற முடியாது. வீட்டில் குழந்தை இருக்கிறவர் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம்.

எப்போது தூக்கிப்போடுவது

சுத்தம் செய்தும், முறுக்கைச் சரிசெய்தும், அதே எண் நோட்டில் மறுபடி மறுபடி வந்தால் அந்த மேகசினுக்கு விடை கொடுங்கள். உதட்டில் தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தாலோ உடலில் விரிசல் இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். உதட்டைக் குறடால் வளைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். நான் ஒருமுறை செய்தேன், முன்பு பத்தில் ஒன்று சிக்கியது பத்தில் நான்கானது. தூக்கிப்போடும் முன் எண்ணின் மேல் பெரிய சிலுவைக் குறி போடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அதே மேகசின் பையின் மூலையிலிருந்து திரும்பி வரும்.

ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று பயந்து சிலர் கேட்பார்கள், நிரப்பியே வைத்தால் கெடுமா என்று. ஸ்பிரிங்கைத் தேய்ப்பது அழுந்திக் கிடப்பதைவிட அழுந்தி அழுந்தி எழுவதுதான். ஆனால் வீட்டில் மேகசினைக் காலியாக வைக்க அதைவிட நல்ல காரணம் இருக்கிறது. ரைஃபிள் ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், மேகசின் காலியாக, வாய் கீழாக, உலர்ந்த டப்பாவில். அடுத்த சனிக்கிழமை எடுக்கும்போது 1-ஆம் எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றிலும் மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.